அழாத பிள்ளைக்கும் பசிக்கும்

என் மகனுடைய நோயின் முதல் அறிகுறியை நாங்கள் அவனுடைய நல்ல குணம் என்று நினைத்தோம். அவன் அழவில்லை. பிறந்த நாளிலிருந்து தூங்கிக்கொண்டே இருந்தான். பார்க்க வந்தவர்கள் எல்லோரும் "தாயைக் கஷ்டப்படுத்தாத பிள்ளை" என்றார்கள். எனக்குப் பெருமையாக இருந்தது. வயிற்றில் தையலோடு கிடந்தவளுக்கு அவனுடைய தூக்கம் உதவியாகவும் இருந்தது.

ஐந்தாம் நாள் காலை பத்து மணிக்கு அவனை எழுப்ப முடியவில்லை.

சிசேரியனில் பிள்ளை பெற்றுவிட்டு, பால் வரவில்லையே என்று யாரிடமும் சொல்ல முடியாமல் இருக்கும் ஒருத்தி இதை வாசிக்கக்கூடும். அவளுக்காக, நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். நான் மருத்துவர் அல்ல. ஒரு தனியார் ஆய்வுகூடத்தில் எட்டு வருடங்களாக மற்றவர்களின் இரத்தத்தையும் சிறுநீரையும் பரிசோதித்து அறிக்கை எழுதுகிறவள். அப்படி இருந்தும் இது என் வீட்டில், என் கண் முன்னால் நடந்தது. அந்த அதிர்ச்சி இன்னும் முழுதாக என்னைவிட்டுப் போகவில்லை.

நாங்கள் யாழ்ப்பாணத்தில், கரவெட்டியில் வாடகை வீட்டில் இருக்கிறோம். கணவர் ஜீவன் காங்கேசன்துறைப் பக்கம் கடல் தொழில் செய்யும் குடும்பத்தைச் சேர்ந்தவர். அவர் கடலுக்குப் போவதில்லை. படகு எஞ்சின் திருத்துகிறார். கர்ப்பகாலம் முழுவதும் எனக்கு ஒரு குறையும் இருக்கவில்லை. கிளினிக்கில் ஒவ்வொரு முறையும் "எல்லாம் நல்லாயிருக்கு" என்றே சொன்னார்கள். சுகப் பிரசவம் என்று நானே முடிவு செய்திருந்தேன்.

வலி தொடங்கிப் பன்னிரண்டு மணித்தியாலங்களுக்குப் பிறகு, என் வயிற்றில் கட்டியிருந்த கருவியின் சத்தம் மாறியது. மருத்துவர் வந்து அதிலிருந்து வந்த தாளைப் பார்த்தார்.

"பிள்ளையின்ரை துடிப்பு இறங்குது அம்மா. இனிக் காத்திருக்கேலாது."

கையெழுத்து வாங்கினார்கள். முதுகில் ஊசி போட்டு (முதுகுத்தண்டில் மருந்து ஏற்றி இடுப்புக்குக் கீழே மரத்துப்போகச் செய்வது) என்னைப் படுக்க வைத்தார்கள். வலி இல்லை. ஆனால் யாரோ ஒரு பைக்குள் கைவிட்டு எதையோ அவசரமாகத் தேடுவதுபோல உள்ளே இழுபட்டது தெரிந்தது. பிள்ளையை ஒரு கணம் என் முகத்துக்கு நேரே காட்டினார்கள். மூன்று கிலோ நூறு கிராம். பிறகு கொண்டு போய்விட்டார்கள்.

அதற்குப் பிறகு என் கருப்பை சுருங்கவில்லை. இரத்தம் நிற்காமல் போனது. இரண்டு பை இரத்தம் ஏற்றினார்கள். அந்தப் பைகளில் ஒட்டும் தாளை நான் எத்தனையோ தடவை நிரப்பியிருக்கிறேன். என் பெயர் எழுதிய தாளைப் படுத்தபடி அண்ணாந்து பார்த்தது மட்டும் தெளிவாக நினைவிருக்கிறது. மகனும் குழந்தைகள் பிரிவில் கண்காணிப்பில் இருந்தான். அவனை என் கையில் தந்தபோது அவன் பிறந்து ஒன்பது மணித்தியாலங்கள் ஆகியிருந்தன.

ஒரு தாதி என்னைப் பக்கவாட்டில் திருப்பி, அவனை என் மார்பில் வைத்தார். ஒரு கையில் சேலைன் ஊசி. வயிற்றைத் தொட முடியாது. எழுந்து உட்கார முடியாது. அவன் இரண்டு முறை வாயை அசைத்தான், தூங்கிவிட்டான். அடுத்த முறையும் அப்படித்தான். அதற்கு அடுத்த முறையும்.

"பால் குடிக்கிறாரோ?" என்று தாதி ஒவ்வொரு தடவையும் கேட்டார்.

"ஓம் மிஸி," என்றேன்.

இதை மறைக்காமல் எழுத வேண்டும். எனக்குச் சந்தேகம் இருந்தது. மார்பு முன்பு இருந்த மாதிரியே மென்மையாக இருந்தது. கனமோ இறுக்கமோ இல்லை. பக்கத்துக் கட்டில்களில் சுகப் பிரசவமான பெண்கள் மறுநாளே எழுந்து உட்கார்ந்து பால் கொடுத்தார்கள். அவர்களுடைய பிள்ளைகள் விழுங்கும் சத்தம் எனக்குக் கேட்டது. பிள்ளையைத்தான் என்னால் பெற முடியவில்லை, வெட்டி எடுத்தார்கள். பாலும் இல்லை என்று எந்த வாயால் சொல்வது? அதனால் ஓம் என்றேன். வாய் அசைகிறதுதானே, குடிக்கிறான்தானே என்று எனக்கும் சொல்லிக்கொண்டேன். மூன்றாம் நாள் வீட்டுக்குப் போகும்போது அவன் எடை கொஞ்சம் குறைந்திருந்தது. பிறந்த பிள்ளைகளுக்கு முதலில் அப்படிக் குறைவது வழமை, குடும்பநல மாது வீட்டுக்கு வந்து நிறுத்துப் பார்ப்பார் என்று சொல்லி அனுப்பினார்கள்.

வீட்டில் ஜீவனின் அம்மா காத்திருந்தார். பால் ஊறும் என்று கரையிலிருந்து பால்சுறா மீன் வாங்கி வந்து, உள்ளிப்பூண்டு நிறையப் போட்டு வறை வறுத்திருந்தார். முருங்கையிலையும் இருந்தது.

"சாப்பிடு பிள்ளை. பால் தன்ரை பாட்டிலை வரும். எங்கடை குடும்பத்திலை ஒரு பிள்ளைக்கும் மாப்பால் குடுத்ததில்லை."

மாமி அதை அன்பாகத்தான் சொன்னார். டின் பால்மா வாங்கவே கூடாது என்ற கட்டளையாக எனக்கு அது கேட்டது.

நான்காம் நாள் அவனுடைய துணியில் செங்கல் நிறத்தில் பொடி படிந்திருந்தது. மாமி பயந்துவிட்டார்.

"இஞ்சை பார் பிள்ளை, இரத்தமெல்லே போகுது!"

நான் துணியை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். "இது இரத்தமில்லை மாமி, யூரேற்று. உப்புப் படிகம். பிறந்த பிள்ளையளுக்கு வாறதுதான், பயப்பிடாதையுங்கோ," என்றேன்.

நான் சொன்ன பெயர் சரி. நுணுக்குக்காட்டியில் அதை ஆயிரம் தடவை பார்த்திருக்கிறேன். முதல் ஓரிரு நாள்களில் அது வரலாம் என்பதும் சரி. ஆனால் நான்காம் நாளிலும் அது வந்தால், உள்ளே தண்ணீர் போகவில்லை என்று அர்த்தம். அந்த ஒன்றை நான் யோசிக்கவில்லை. பயந்த மாமிதான் சரி. விடயம் தெரிந்த நான் அவருடைய பயத்தை அடக்கிவிட்டேன்.

மறுநாள் காலை பத்து மணிபோலக் குடும்பநல மாது வந்தார். எங்கள் பகுதியில் எல்லோரும் அவரை மிட்வைஃப் அக்கா என்றுதான் கூப்பிடுவோம். சைக்கிளை வேலியில் சாத்திவிட்டு, சிரித்தபடி உள்ளே வந்து, பிள்ளை படுத்திருந்த பாயில் உட்கார்ந்தார்.

"எத்தினை தரம் சலம் போனவர்?"

"நேற்றுக் காலமை ஒருக்கா."

"அதுக்குப் பிறகு?"

சிறுநீரில் நனைந்த துணிகளை நான் எண்ணவில்லை என்பதை அப்போதுதான் உணர்ந்தேன்.

அவருடைய சிரிப்பு போய்விட்டது. பிள்ளையின் உள்ளங்காலைச் சுண்டினார். மறுபடியும் சுண்டினார். அவன் முகத்தைச் சுளித்தான், சத்தம் வரவில்லை. சிறு விரலை அவன் வாய்க்குள் விட்டுப் பார்த்தார். வயிற்றுத் தோலை மெதுவாகக் கிள்ளிவிட்டார். அது திரும்பிப் படியாமல் மடிப்பாகவே நின்றது. தராசுத் துணியில் அவனைப் போட்டுத் தூக்கினார். இரண்டு கிலோ ஐந்நூற்று ஐம்பது.

தராசுத் துணியை மடித்துக்கொண்டே சொன்னார்: "இப்பவே வெளிக்கிடுங்கோ. உடுப்பு மாத்த வேண்டாம்."

ஜீவன் பட்டறையிலிருந்து கையில் எண்ணெய்க் கறையோடு ஓடி வந்தார். ஓட்டோவில் ஒவ்வொரு பள்ளத்துக்கும் என் தையல் இழுத்தது. நான் அதைப் பற்றி நினைக்கவில்லை. பிள்ளையின் மூக்குக்குக் கீழே விரலை வைத்துக்கொண்டே போனேன்.

அவசரப் பிரிவில் அவனை என் கையிலிருந்து எடுத்தார்கள். நரம்பு கிடைக்கவில்லை. மூன்றாவது இடத்தில் ஊசி ஏறியபோது வந்த இரத்தம் கறுப்பாக, தடிப்பாக இருந்தது. அப்போதும் அவன் அழவில்லை. என் வேலையில் ஊசி குத்தும்போது அழும் பிள்ளைகளைப் பார்த்து எரிச்சல்பட்டிருக்கிறேன். அன்று, "அழு, அழு" என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டு நின்றேன்.

இரத்தப் பரிசோதனை முடிவு ஒரு மணித்தியாலத்துக்குள் வந்தது. குழந்தை மருத்துவர் என் வயதுப் பெண். அவர் கையிலிருந்த தாள் எனக்குத் தலைகீழாகத் தெரிந்தது. அப்படி வாசிக்க எனக்குப் பழக்கம் உண்டு. சோடியம் (இரத்தத்திலுள்ள உப்பு, உடலில் தண்ணீர் குறையும்போது இதன் அளவு ஏறும்) நூற்று அறுபத்தாறு. எங்கள் ஆய்வுகூடத்தில் இப்படி ஓர் எண் வந்தால், முதலில் இயந்திரத்தைத்தான் சந்தேகிப்போம்.

"திருப்பிச் செய்து பாருங்கோ டொக்டர். மாதிரி பழுதாப் போயிருக்கும்," என்றேன்.

"ரெண்டு தரம் செய்தாச்சு அம்மா."

அவர் கதிரையை இழுத்து என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"பிள்ளைக்கு வேறை வருத்தம் ஒண்டும் இருக்கிற மாதிரித் தெரியேல்லை. பிள்ளை பட்டினி கிடந்திருக்கு."

பட்டினி. அந்தச் சொல்லை நான் பிறகு எத்தனையோ தடவை எனக்குள் சொல்லிப் பார்த்திருக்கிறேன். சோறும் கறியும் மீனும் நிறைந்திருந்த வீட்டில், நாலு பேர் மாறிமாறித் தூக்கி வைத்திருந்த ஒரு பிள்ளை பட்டினி கிடந்திருந்தான்.

"நான் பால் குடுத்தனான் டொக்டர்."

"குடுத்தனீங்கள். ஆனா வரேல்லை. ரெண்டும் வேறை வேறை."

அவர் விளக்கினார். நஞ்சுக்கொடி வெளியே வந்ததும் பால் சுரக்கச் சொல்லும் கட்டளை உடம்புக்குப் போகும். சிசேரியன் ஆனவர்களுக்கும் பால் வரும். நிறையப் பேருக்கு ஒரு தடையும் இருப்பதில்லை. ஆனால் சிலருக்கு அது ஓரிரு நாள் பிந்தலாம். அறுவைச் சிகிச்சை, வலி, தாயும் பிள்ளையும் பிரிந்திருந்த நேரம், முதல் தடவை பிந்திப் பால் கொடுத்தது எல்லாம் சேர்ந்து பிந்தவைக்கும். எனக்கு அதோடு நிறைய இரத்தமும் போயிருந்தது. பால் வராததால் பிள்ளை சோர்ந்தான். சோர்ந்த பிள்ளை உறிஞ்சவில்லை. உறிஞ்சாததால் பால் இன்னும் பிந்தியது.

"இதிலை உங்கடை பிழை எண்டு நான் சொல்ல வரேல்லை. பிரசவ வாட்டிலை, பால் குடிக்கிறாரோ எண்டு ஆரும் கேக்கேல்லையோ?"

"கேட்டவை. ஒவ்வொரு தரமும் கேட்டவை. நான்தான் ஓம் எண்டு சொன்னனான்."

அவர் தாளை என் பக்கம் திருப்பி வைத்தார். பிறகு, உப்பின் அளவை மெதுவாகத்தான் இறக்க வேண்டும், சட்டென்று இறக்கினால் மூளை வீங்கி வலிப்பு வரலாம், இரண்டு மூன்று நாள் எடுக்கும் என்றார். "மூளைக்கு ஏதும் நடந்திருக்குமோ?" என்று ஜீவன் கேட்டார். "இப்ப சொல்லேலாது," என்றார் மருத்துவர்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நீல விளக்கின் கீழ் (தோலில் ஏறியிருந்த மஞ்சள் காமாலையைக் குறைக்கும் ஒளிச் சிகிச்சை) மகன் கண்கள் கட்டப்பட்டுக் கிடந்தான். மூக்கில் ஒரு குழாய், காலில் ஒரு குழாய். அவனுக்கு இன்னும் பெயர் வைக்கவில்லை. கால் பட்டியில் மதியின் பிள்ளை என்று என் பெயர்தான் போட்டிருந்தது.

ஜீவன் வாட்டுக்கு வெளியே இருந்த நீண்ட நடையில் சுவரில் சாய்ந்து நின்றார். கையிலிருந்த எண்ணெய்க் கறையைத் தேய்த்தபடி கதைத்தார்.

"ஒரு எஞ்சின் சத்தம் போடாட்டி நான் உடனை கழட்டிப் பாப்பன், மதி. என்ரை பிள்ளை சத்தம் போடேல்லை. நான் சந்தோசப்பட்டுக்கொண்டு இருந்திட்டன்."

நான் அவர் பக்கத்தில் போய்ச் சுவரில் சாய்ந்து நின்றேன்.

அன்று பின்னேரம் ஒரு தாதி என்னை, தாய்மார் பால் எடுக்கும் அறைக்குக் கூட்டிப் போனார். மூன்று மணித்தியாலத்துக்கு ஒரு தடவை, வந்தாலும் வராவிட்டாலும், கையால் அழுத்தி எடுக்க வேண்டும். எப்படி அழுத்துவது என்று என் விரல்களைப் பிடித்துக் காட்டினார். இருபது நிமிடம். சிறிய உருக்குக் கிண்ணத்தின் அடியில் மூன்று துளி இருந்தது.

எனக்குப் பக்கத்தில் ஒரு பெண் இருந்தாள். இருபத்துமூன்று, இருபத்துநான்கு வயதிருக்கும். அவளுடைய கிண்ணம் நிறைந்து, இரண்டாவது கிண்ணமும் பாதிக்கு வந்திருந்தது. நான் அந்தக் கிண்ணங்களைப் பார்க்காமல் இருக்க முயன்றேன், முடியவில்லை. அவள் எழுந்துபோய் இரண்டையும் கைகழுவும் தொட்டியில் ஊற்றினாள்.

"என்ன தங்கச்சி, ஏன் ஊத்திறீங்கள்? பிள்ளைக்குக் குடுக்கேல்லையே?" என் குரலில் கோபம் இருந்தது.

அவள் குழாயைத் திறந்து கிண்ணத்தைக் கழுவினாள்.

"பிள்ளை இல்லை அக்கா. முந்தநாள் செத்துப்போச்சு. உடம்புக்கு ஆரும் இன்னும் சொல்லேல்லைப் போலை. வந்துகொண்டே இருக்கு. பால் கட்டி நோகுது, அதுதான் எடுக்கிறன்."

என் கையிலிருந்த கிண்ணத்தைக் கீழே வைத்தேன். அவள் வந்து என் கிண்ணத்துக்குள் எட்டிப் பார்த்தாள்.

"நல்ல மஞ்சளாயிருக்கு அக்கா. இது முதல் பால். இதை விடாதையுங்கோ, எடுத்துக்கொண்டே இருங்கோ."

அந்த மூன்று துளியையும் ஊசியில்லாத சிரிஞ்சினால் உறிஞ்சித் தாதியிடம் கொடுக்க அவள்தான் உதவினாள். ஊர் சுன்னாகம் பக்கம் என்று சொன்னாள். பெயரைக் கேட்கவில்லை. மறுநாள் அவளுடைய கணவன் வந்து அவளைக் கூட்டிப் போனபோது, கண்ணாடியருகே ஒரு நிமிடம் நின்று என் மகனைப் பார்த்துவிட்டுப் போனாள். எனக்குப் பால் இல்லை, பிள்ளை இருந்தான். அவளுக்குப் பால் இருந்தது. இதை எங்கே வைத்து யோசிப்பது என்று எனக்கு இன்றும் தெரியவில்லை.

ஆறு மணித்தியாலத்துக்கு ஒருமுறை இரத்தம் எடுத்தார்கள். அரை நாளுக்கு ஒரு படியாகச் சோடியம் இறங்கியது. நூற்று அறுபத்திரண்டு. நூற்று ஐம்பத்தெட்டு. நூற்று ஐம்பத்து மூன்று. இந்த எண்களுக்குப் பின்னால் ஒவ்வொரு முறையும் யாரோ ஒரு தாய் கதவைப் பார்த்தபடி நின்றிருப்பாள் என்பது எட்டு வருடத்தில் எனக்கு ஒருநாளும் தோன்றியதில்லை. என் கிண்ணத்தில் மூன்று துளி பத்துத் துளியானது. பிறகு கிண்ணத்தின் அடி மறைந்தது. வலிக்கு மருந்து கேட்டு வாங்கினேன். முன்பு வீரமாக வேண்டாம் என்று சொல்லியிருந்தேன். வலியோடு இருந்தால் பால் இறங்குவதும் கடினம் என்று தாதி சொன்ன பிறகுதான் புத்தி வந்தது.

அவன் பிறந்து எட்டாம் நாள் மத்தியானம், வெளியே நடையில், மர வாங்கில் உட்கார்ந்தபடி மாமி கொண்டுவந்த சோற்றைச் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். உள்ளே ஒரு பிள்ளை அழுதது. அடித்தொண்டையிலிருந்து, கோபமாக, நிறுத்தாமல். யாருடைய பிள்ளை என்று யோசித்தேன். அந்தக் குரலை நான் அதற்கு முன் கேட்டதில்லை. தாதி கதவைத் திறந்து தலையை நீட்டினார்.

"மதியின்ரை பிள்ளைதான். பசிக்குதாம் அவருக்கு!"

மாமி வாயைப் பொத்திக்கொண்டார். ஜீவன் ஓடிப்போய்க் கண்ணாடியில் முகத்தை வைத்தார். நான் எழும்பியபோது மார்பில் ஊசி குத்துவதுபோல ஒரு கூச்சம். குனிந்து பார்த்தேன். சட்டை இரண்டு பக்கமும் நனைந்திருந்தது. நான் அழுத்தவில்லை, முயலவில்லை, நினைக்கக்கூட இல்லை. அவன் கூப்பிட்டான், உடம்பு பதில் சொல்லியது. சோற்றுக் கையோடு அப்படியே நின்றேன்.

அதற்குப் பிறகு எல்லாம் சீராகிவிட்டது என்று எழுத ஆசைதான். பதின்மூன்றாம் நாள் வீட்டுக்கு வந்தோம். தையலில் அவன் கால் படாமல், பிள்ளையை என் இடுப்பின் பக்கமாகத் தலையணையில் வைத்துப் பால் கொடுக்கப் பழகினேன். ஆனால் பால் முழுமையாக ஒருபோதும் போதவில்லை. நாளுக்கு இரண்டு தடவை மாப்பால் கொடுக்க வேண்டும் என்று மருத்துவர் எழுதித் தந்தார். அந்தத் துண்டுச் சீட்டை மூன்று நாள் பைக்குள்ளேயே மறைத்து வைத்திருந்தேன். மூன்றாம் நாள் மாமி பையைத் திறந்து சீட்டை எடுத்துக்கொண்டு கடைக்குப் போனார். திரும்பி வந்து, கரண்டியில் மாவை எடுத்துக் கத்தியின் முதுகால் வழித்து மட்டப்படுத்தி, எழுதியிருந்த அளவுக்குக் கரைத்தார்.

"மாமி, உங்கடை குடும்பத்திலை..."

"பிள்ளையைப் பட்டினி போட்டதும்தான் எங்கடை குடும்பத்திலை நடந்ததில்லை. கதைக்காமல் பிடி," என்றார்.

பிறகு பல மாதங்கள் பரிசோதனைகள். தலை ஸ்கான், செவிப் பரிசோதனை, அசைவுகளைப் பார்ப்பது. ஒவ்வொரு முறையும் அந்த மருத்துவரின் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பேன். கவின் என்று பெயர் வைத்திருந்தோம்; அவன் கழுத்தை நிமிர்த்தினான், புரண்டான், பதின்மூன்றாம் மாதம் நடந்தான். இதுவரை ஒரு குறையும் இல்லை. இதுவரை என்ற சொல்லை மருத்துவர் இப்போது பாவிப்பதில்லை. நான் இன்னும் பாவிக்கிறேன்.

உங்களுக்கு நான் சொல்லக்கூடியது இவ்வளவுதான். நனைந்த துணிகளை எண்ணுங்கள். முதல் நாள்களில் அதிகம் தூங்கும் பிள்ளையை எழுப்பிப் பால் கொடுங்கள். மார்பு நிறையவில்லை என்றால் அன்றே சொல்லுங்கள், பிள்ளையை நிறுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். யாராவது "குடிக்கிறாரோ" என்று கேட்டால், தெரியாவிட்டால் தெரியாது என்று சொல்லுங்கள். அதைச் சொல்ல எனக்கு எத்தனையோ வாய்ப்புகள் தரப்பட்டன.

வீட்டில் எல்லோரும் அவனுடைய பிறந்தநாளை அவன் பிறந்த நாளில்தான் கொண்டாடுகிறார்கள். நான் எனக்குள் அவனுடைய வயதை அவன் பசித்து அழுத நாளிலிருந்து எண்ணுகிறேன். கணக்கில் எப்போதும் ஒரு கிழமை, ஏழு நாள், குறையும். அந்தக் கிழமை எனக்கு ஒரு நீண்ட காலை போல, அவனை எழுப்ப முடியாத அந்தப் பத்து மணியிலேயே இன்னும் நிற்கிறது.

என் அடிவயிற்றில், வெட்டிய கோட்டுக்கு மேலே உள்ளங்கை அகலத்துக்கு ஓர் இடம் மரத்தே கிடந்தது. குளிக்கும்போது தண்ணீர் அந்த இடத்தில் விழுவது தெரியாது. அது வேறு யாருடையதோ தோல் என்று பழகிவிட்டேன். போன மாதம் ஆய்வுகூடத்தில், உயரத்தில் இருந்த ஒரு பெட்டியை எடுக்க மேசை விளிம்பில் சாய்ந்தேன். அந்த இடத்தில் குளிர்ந்தது. உருக்கு மேசையின் குளிர், மெல்லிய துணிக்கு ஊடாக, கோடு போட்டதுபோல.

பெட்டியை எடுக்காமல் அப்படியே சாய்ந்து நின்றேன். "என்னக்கா, வயித்துக்குள்ளை ஏதும் செய்யுதோ?" என்று கூட வேலை செய்யும் பிள்ளை கேட்டாள்.

"இல்லை," என்றேன். "குளிருது."